நம்பர் பிளேட்டுக்குப் பின்னால் ஒரு கொக்கி

திருவாரூரிலிருந்து மன்னார்குடி போகிற சாலையில், ஊர் முடிந்து வயல் தொடங்குகிற இடத்தில் ஜெக்கரியாவின் பட்டறை இருக்கிறது. பட்டறை என்று சொன்னால் அவருக்குப் பிடிக்காது. 'ஜெக் ஆட்டோ ஸ்டைல்ஸ்' என்று பெரிய போர்டு வைத்திருக்கிறார். அந்தப் போர்டில் ஒரு வண்டி மலையுச்சியில் ஏறி நிற்கிறது. சுற்றுவட்டாரத்தில் ஏறி நிற்கிற மாதிரி ஓர் இடம் உண்டென்றால் அது ரயில்வே மேம்பாலம் மட்டும்தான். இருந்தாலும் வண்டியை நாலு அங்குலம் தூக்கிக் கொடுங்கள் என்று வாரத்துக்கு இரண்டு பேராவது அவரைத் தேடி வருகிறார்கள்.

ஜெக்கரியாவுக்கு வயது நாற்பத்தேழு. இருபது வயதில் கார் கண்ணாடிக்குக் கறுப்புப் பேப்பர் ஒட்டத் தொடங்கியவர். ஒரு குமிழி இருக்காது. கீழ்வேளூரிலிருந்தும் குடவாசலிலிருந்தும் அந்தக் கைக்காகவே வருவார்கள். அப்புறம் கறுப்புப் பேப்பர் கூடாது என்று கோர்ட்டில் சொல்லிவிட்டார்கள். ஒட்டின கையாலேயே ஆறு மாதம் உரித்துக்கொண்டிருந்தார். உரிக்கவும் வண்டி வராமல் போனபோது சீட் கவர், பிறகு விளக்கு, பிறகு அலாய் வீல் என்று போய், கடைசியில் பெரிய வண்டிகளை ஜோடிக்கிற தொழிலில் வந்து நின்றார்.

வருகிற வண்டிகளை அவர் இரண்டாகப் பிரிப்பார். பார்க்கிற வண்டி, போகிற வண்டி. பார்க்கிற வண்டிக்குக் கல்யாண மண்டப வாசலும் பைபாஸ் சாலையும் போதும். அகல டயர், கூரை மேல் வரிசையாக விளக்கு, முன்னால் முறைத்துப் பார்க்கிற பம்பர், அந்தப் பம்பரில் வண்டியை இழுப்பதற்கென்று ரத்தச் சிவப்பில் இரண்டு கொக்கி. பம்பர் ஃபைபர், கொக்கி பிளாஸ்டிக். அதில் ஓர் ஆட்டுக்குட்டியைக் கட்டினால் ஆட்டுக்குட்டி கொக்கியோடு வீட்டுக்குப் போய்விடும்.

போகிற வண்டி என்று அவர் வாழ்நாளில் செய்தது ஒன்றே ஒன்று. கீழ்வேளூர் குணசேகரனுடையது. கதிர் அறுக்கும் மெஷின்களை வாடகைக்கு விடுகிறவர் அவர். நடு வயலில் மெஷின் நின்றுவிட்டால் டீசலும் பெல்ட்டும் கொண்டுபோய்ச் சேர்க்க வேண்டும். அந்த வண்டிக்கு டயர் ஒல்லி. நம் களிமண்ணில் அகல டயர் வழுக்கும். ஒல்லி டயர்தான் சேற்றை அறுத்துக்கொண்டு இறங்கி அடியில் இருக்கிற கெட்டித் தரையைப் பிடிக்கும். பம்பர் இரும்புக் குழாய், பெயின்ட்டுகூட அடிக்காமல் துரு நிறத்து ரெட் ஆக்சைடு பூச்சோடு நிற்கிறது. பக்கவாட்டில் கூரை வரை ஏறுகிற காற்றுக்குழாயும் நிஜம். ஸ்நார்க்கல் என்று அதற்குப் பேர், ஊருக்குள் தும்பிக்கை. இஞ்சின் அந்த உயரத்திலிருந்து மூச்சு வாங்குவதால், பானெட் வரை தண்ணீர் வந்தாலும் வண்டி நிற்காது. அந்த வண்டி ஆயில் மாற்ற வந்தால் மட்டும், வாசலில் நின்றால் வியாபாரம் கெடும் என்று ஜெக்கரியா அதைக் கொல்லைப் பக்கம் நிறுத்தச் சொல்வார்.

நல்ல மனிதர்தான். ஒரே ஒரு கோளாறு. எதைக் கேட்டாலும் "ஆகும்", "போகும்", "வரும்" என்பார். முடியாது என்ற சொல்லை அவர் வாயிலிருந்து கேட்டவர் கிடையாது. அவர் லுத்தரன், மனைவி அருள்மேரி கத்தோலிக்கக் குடும்பம். கல்யாணத்தை வேளாங்கண்ணியில் வைத்துக்கொள்ளலாமா என்று மாமனார் கேட்டபோது "ஆகும்" என்றார். அதற்கு முந்தின வாரம் தரங்கம்பாடியில் தங்கள் பாஸ்டரிடமும் "ஆகும்" என்று சொல்லியிருந்தார். இரண்டு இடத்திலும் ஒரே தேதிக்குப் பந்தல் போட்டுவிட்டார்கள். அந்தக் கதையை அருள்மேரி இன்றைக்கும் விருந்தாளி வந்தால் சொல்லிக் காட்டுவாள்.

இன்னொரு பழக்கமும் அவருக்கு உண்டு. அது யாருக்கும் தெரியாது. ஜோடிப்புப் பம்பர் மாட்டும்போது, கம்பெனி கொடுத்த நிஜமான இழுவைக் கொக்கி இடைஞ்சலாக நிற்கும். மற்ற கடைகளில் அதைக் கழற்றி மூலையில் எறிந்துவிடுவார்கள். ஜெக்கரியாவுக்கு மனம் வராது. பம்பரில் கை நுழைகிற அளவுக்கு ஒரு துளை அறுத்து, கொக்கியை அதற்குள் விட்டுவைத்து, மேலே நம்பர் பிளேட்டை மூடி இரண்டு ஸ்க்ரூ போடுவார். வண்டிக்காரரிடம் சொல்ல மாட்டார். சொன்னால், அப்போ வெளியில் இருக்கிற சிவப்புக் கொக்கி எதற்கு என்று கேட்பார்களே.

இப்படி இருக்கையில்தான் கூத்தாநல்லூர் ஜாஃபர் சாதிக் வந்து சேர்ந்தார். மலேசியாவில், ஈப்போவில், இருபத்திரண்டு வருஷம் மளிகைக் கடை வைத்திருந்துவிட்டு ஊரோடு திரும்பியவர். ஆயுசில் பாதியைப் பிறருக்குப் புளி நிறுத்துக் கொடுத்தே கழித்த மனிதருக்கு, ஒரு பெரிய வண்டி வாங்க வேண்டும், ஊர் அதைத் திரும்பிப் பார்க்க வேண்டும் என்று ஆசை. அதில் என்ன தப்பு? போனில் படம் படமாகக் காட்டி எல்லாவற்றையும் வைக்கச் சொன்னார். தும்பிக்கையும் வேண்டும் என்றார்.

நிஜத் தும்பிக்கை வைக்க வேண்டுமானால் சக்கரத்துக்கு மேலிருக்கிற தகட்டில் பெரிய ஓட்டை போட வேண்டும். புது வண்டியில் ஓட்டை போட்டால் வாரன்ட்டி போகும், விற்கும்போது விலையும் இறங்கும். "ஓட்டை போடாமலே வைக்கலாம், பாய்" என்றார் ஜெக்கரியா. குழாயை வெளியிலேயே ஒட்டி நிறுத்திவிட்டார். உள்ளே அது எதனோடும் சேரவில்லை. ஜாஃபர் பாய் அதை ஏதோ கைத்திறன் என்று நினைத்துக்கொண்டார். வேலைக்கு விட்ட அன்று, "தண்ணியில போகுமாண்ணே?" என்று கேட்டார். "போகும், பாய்." அல்வாப் பெட்டியோடு வண்டி எடுக்க வந்த அன்றும் கேட்டார். போகும். ஒரு கல்யாணத்தில் பார்த்தபோது பத்துப் பேர் நடுவில் மறுபடி கேட்டார். அப்போதும் போகும்.

கார்த்திகை மாதம் மழை பிடித்துக்கொண்டது. ஐந்தாம் நாளும் விடாமல் கொட்டிய ஒரு செவ்வாய்க்கிழமை காலை பதினோரு மணிக்கு அருள்மேரி போன் செய்தாள். அவள் அரசு ஆஸ்பத்திரியில் டயாலிசிஸ் பிரிவில் நர்ஸ்.

"என்னங்க, மதுரம் டீச்சர்னு சொல்லுவேன்ல? வெள்ளிக்கிழமையே வரலை. அவங்க ஊர் தரைப்பாலம் முங்கிக் கெடக்கு, ஆம்புலன்ஸ் போக மாட்டேங்குது. இன்னிக்கும் மெஷின்ல போடலைன்னா நெஞ்சுல நீர் கோத்துக்கும். தாங்க மாட்டாங்க. காலையிலேருந்து எனக்குக் கையும் ஓடலை, காலும் ஓடலை."

"ம்."

"இப்பதான் அவங்க வீட்டுலேருந்து போன். உங்க ஜாஃபர் பாய் அழைச்சுட்டு வர்றாராம். அவரு பிள்ளைங்களுக்கு இவங்கதான் டீச்சராம். தும்பிக்கை வச்ச வண்டி, ஜெக்கரியா கைவேலை, எந்தத் தண்ணியிலயும் போகும்னு சொல்லி ஏத்தியிருக்காரு. அப்பாடான்னு இருக்குங்க. நீங்க பண்ற கூத்துல ஒண்ணாவது ஆஸ்பத்திரிக்கு உதவுதே! வந்துடும்ல?"

ஜெக்கரியாவின் வாய் தானாகத் திறந்தது.

"வந்துடும்" என்றார்.

போனை வைத்த கையோடு ஜாஃபர் பாய்க்குப் போட்டார். அடித்துக்கொண்டே இருந்தது, எடுக்கவில்லை. மறுபடி போட்டார், தொடர்பு எல்லைக்கு வெளியே. கொல்லையில், ஆயில் மாற்ற வந்த குணசேகரனின் அவலட்சண வண்டி நின்றது. குணசேகரனைப் போனில் கூப்பிட்டு விஷயத்தைச் சொல்வதற்குள், "எடுத்துக்கிட்டுப் போங்க அண்ணே, கேட்டுக்கிட்டு நிக்கிறீங்களே!" என்று அவர் கத்தினார்.

டீச்சர் ஊருக்குப் பதினைந்து கிலோமீட்டர். சாலைக்கு இரண்டு பக்கமும் வரப்பு எது வாய்க்கால் எது என்று தெரியாமல் ஒரே தண்ணீர். சம்பாப் பயிரின் நுனி மட்டும் வெளியே தெரிந்தது. ஜெக்கரியா வாய்விட்டு ஜெபம் செய்துகொண்டே ஓட்டினார். பெரிதாக எதையும் கேட்க அவருக்குத் தைரியமில்லை. தண்ணீர் முழங்காலுக்கு மேல் இருக்கக் கூடாது என்று மட்டும் திரும்பத் திரும்பக் கேட்டார். அந்த டீச்சரை அவர் பார்த்தது கிடையாது. ஆனாலும் அந்த அம்மாளுக்கு ஏதாவது ஆனால் அது தன் வாயால் ஆனது என்பது அவருக்குத் தெரிந்துவிட்டது.

தண்ணீர் முழங்காலுக்கு மேல்தான் இருந்தது.

அந்த ஊருக்குப் போகிற வழியில் ஒரு வடிகாலும், அதற்குக் குறுக்கே கைப்பிடிச் சுவர் இல்லாத தரைப்பாலமும். பாலத்தின் நடுவில் ஜாஃபர் பாயின் வண்டி ரோட்டைப் பார்த்து நின்றது. போகும்போது தண்ணீர் குறைவாக இருந்திருக்கிறது. டீச்சரை ஏற்றிக்கொண்டு திரும்புவதற்குள் ஏறிவிட்டது. கீழேயிருந்து தண்ணீரைக் குடித்த இஞ்சின் இருமி இருமி அணைந்துபோனது. அகல டயர் தெப்பமாக மிதந்து, பின்பக்கம் பாலத்தின் ஓரம் வரைக்கும் தள்ளிக்கொண்டு போயிருந்தது. ஓரத்துக்கு அப்பால் ஆளை முங்கடிக்கிற பள்ளம். கூரை மேல் எட்டு விளக்கும் பட்டப்பகலில் ஜெகஜோதியாக எரிந்துகொண்டிருந்தன.

இந்தக் கரையில் பதினைந்து பேர் கூடியிருந்தார்கள். பக்கத்து வயலிலிருந்து ஒரு டிராக்டரைக் கொண்டுவந்து நிறுத்தி, தாம்புக்கயிற்றை வண்டியின் சிவப்புக் கொக்கிகளில் கட்டி முடித்திருந்தார்கள். டிரைவர் கியர் போட்டுவிட்டார்.

ஜெக்கரியாவுக்குப் பகீரென்றது. ஒரு வெட்டு வெட்டி இழுத்தால் பம்பர் பிய்த்துக்கொண்டு வரும், அந்த அதிர்ச்சியிலேயே வண்டி பள்ளத்தில் சரியும். ஹாரனை அமுக்கிப் பிடித்துக்கொண்டே வண்டியை நிறுத்தி, குதித்து ஓடினார்.

"இழுக்காதீங்க! நிறுத்துங்க! அது டம்மி! பிளாஸ்டிக்!"

எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள். இருபத்தேழு வருஷத் தொழிலில் தன் வேலையைப் பார்த்து அவர் டம்மி என்று சொன்னது அதுதான் முதல் தடவை. அதுவும் பதினைந்து பேர் முன்னால், தொண்டை கிழிய.

ஸ்க்ரூ டிரைவரோடு தண்ணீருக்குள் இறங்கினார். இடுப்புக்குக் கீழே வெள்ளம் இழுத்தது. கயிற்றை அவிழ்க்க லேசாக இழுத்ததற்கே ஒரு சிவப்புக் கொக்கி கையோடு வந்துவிட்டது. அதைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டார். கண்ணாடியை இறக்கி ஜாஃபர் பாய் எட்டிப் பார்த்தார். முகத்தில் அப்படி ஒரு நிம்மதி.

"அண்ணே, வந்துட்டீங்களா! தும்பிக்கை இருந்துமே நின்னுடுச்சுண்ணே, என்னன்னு பாருங்க!"

ஜெக்கரியா அவர் முகத்தைப் பார்க்கவில்லை. பின்சீட்டில் மெலிந்த ஓர் அம்மாள் காலைத் தூக்கி மேலே வைத்து, இடது கையைத் தலைக்கு மேல் உயர்த்திப் பிடித்தபடி உட்கார்ந்திருந்தார். முகம் வீங்கியிருந்தது. மூச்சு விடுகிற சத்தம் வெளியே கேட்டது.

நம்பர் பிளேட் தண்ணீருக்குள் இருந்தது. தடவித் தடவி ஒரு ஸ்க்ரூவைக் கழற்றினார். இரண்டாவது துருப்பிடித்து அசையவில்லை. பிளேட்டைக் கையால் வளைத்து மடக்கினார், உள்ளங்கை கிழிந்தது. துளைக்குள் விரலை விட்டார். கொக்கி இருந்தது. தானே விட்டுவைத்ததுதான், இருக்கும் என்று தெரியும். ஆனாலும் விரல் அந்த இரும்பைத் தொட்டதும் அவருக்கு அழுகை வந்துவிட்டது.

தாம்பை அதில் போட்டு இறுக்கினார். "இப்ப இழுங்க. மெதுவா. வெட்டி இழுக்காதீங்க" என்றார். சேற்றுச் சக்கரம் மாட்டிய டிராக்டர் ஓர் அங்குலம், இரண்டு அங்குலம் என்று நகர்ந்தது. கயிறு முறுக்கிக்கொண்டு தண்ணீரைச் சொட்டியது. வண்டி ஒரு முனகலோடு நேராகி, பாலத்து மேல் ஏறி, கரைக்கு வந்து நின்றது. கூட்டம் கை தட்டியது. யாருக்கு என்று அவர்களுக்கே தெரியாது.

ஜாஃபர் பாயும் ஜெக்கரியாவுமாக டீச்சரைக் குணசேகரன் வண்டிக்கு மாற்றினார்கள். "இந்தக் கையைப் பிடிக்காதீங்க தம்பி, இதுலதான் ஊசி ஏத்துறது" என்றார் அந்த அம்மாள். துருப்பிடித்த நிறத்தில் நின்ற வண்டியை ஒரு பார்வை பார்த்தார். "இது போகுமா?"

ஜெக்கரியா வாயைத் திறந்து, மூடி, மறுபடி திறந்தார். "தண்ணி தாண்டியாச்சு டீச்சர். இனிமே தார் ரோடுதான்" என்றார்.

மூன்று மணிக்கு அருள்மேரி வார்டை விட்டு வெளியே வந்தாள். "மெஷின்ல போட்டாச்சு. மூச்சு சரியாயிடுச்சு. டீ கேக்குறாங்க. அரை டம்ளருக்கு மேல கூடாதுன்னா எங்கிட்ட சண்டைக்கு வர்றாங்க" என்று சிரித்தாள். ஜெக்கரியா அப்படியே பெஞ்சில் உட்கார்ந்துவிட்டார். பக்கத்தில் ஜாஃபர் பாய் கண்ணை மூடி எதையோ ஓதி, முகத்தை இரண்டு கையாலும் துடைத்துக்கொண்டார்.

அந்தச் சந்தோஷத்திலேயே எழுந்து வீட்டுக்குப் போயிருக்கலாம். பாய் ஒன்றும் கேட்கவில்லை. ஆனால் ஜெக்கரியா சட்டைப் பையிலிருந்து அந்தச் சிவப்புக் கொக்கியை எடுத்துப் பெஞ்சில் வைத்தார்.

"இது மட்டும் இல்லை, பாய். அந்தத் தும்பிக்கையும் டம்மிதான். உள்ள எதுலயும் சேரலை."

ஜாஃபர் பாய் அவரை நிமிர்ந்து பார்த்தார். "மூணு தடவை கேட்டேனேண்ணே" என்றார்.

"மூணு தடவையும் போகும்னு சொன்னேன்."

"டீச்சர் வரவே மாட்டேன்னாங்க. தண்ணியில செத்துக் கெடக்குறதுக்கு வீட்டுலயே கெடக்குறேன்னாங்க. நான் ஒரே ஒரு தடவைதான் சொன்னேன், தும்பிக்கை இருக்கு டீச்சர்னு. உடனே எந்திரிச்சு வந்துட்டாங்க."

"காலையில நான் கேட்டதுக்கும் வந்துடும்னுதான் சொன்னீங்க" என்றாள் அருள்மேரி. கோபத்தில் சொல்லவில்லை. அதனால்தான் அது அவருக்குச் சுருக்கென்று தைத்தது.

ஜாஃபர் பாய் கொக்கியை எடுத்துத் திருப்பிப் பார்த்தார். "சரி, அந்த இரும்புக் கொக்கி? அதை யாரு வச்சா?"

"கம்பெனி வச்சது. நான் கழட்டலை."

"அதை ஏங்க எங்கிட்ட சொல்லலை? இந்த பிளாஸ்டிக்கைக் காட்டிக் காட்டிப் பேசினீங்க. உருப்படியா செஞ்சதை மூடி வச்சு ஸ்க்ரூ போட்டிருக்கீங்க!" என்று கேட்டவருக்குப் பாதியிலேயே சிரிப்பு வந்துவிட்டது. செத்துப் பிழைத்தவர் சிரிக்கிற சிரிப்பு; நிறுத்த முடியவில்லை. நர்ஸ் சீருடையில் அருள்மேரியும் வாயைப் பொத்திக்கொண்டாள். ஜெக்கரியாவுக்குச் சிரிப்பதா அழுவதா என்று தெரியவில்லை.

இஞ்சினை இறக்கித் துடைத்து ஏற்றப் பத்து நாள் ஆயிற்று. தும்பிக்கையைக் கழற்றிவிடலாம் என்று ஜெக்கரியா சொன்னதை ஜாஃபர் பாய் கேட்கவில்லை. "ஓட்டை போடுங்க. வாரன்ட்டி போனா போவுது. நான் எங்க விக்கப் போறேன்?" என்றார். தகட்டில் மெஷின் இறங்கியபோது மட்டும் பார்க்க மனமில்லாமல் வாசல் பக்கம் திரும்பிக்கொண்டார். அகல டயரும் போய் ஒல்லி டயர் வந்தது. வண்டியின் தோரணை பாதியாகக் குறைந்துவிட்டது.

எல்லாம் முடிந்ததும் பாய் பழையபடி கேட்டார். "இப்ப தண்ணியில போகுமாண்ணே?"

ஜெக்கரியா உள்ளே போய் வெள்ளை ஸ்டிக்கர் சுருளை எடுத்து வந்தார். முன்கதவில், கைப்பிடிக்கு ஒரு முழம் கீழே, ஒரே இழுப்பில் நீளமாக ஒரு கோடு ஒட்டினார். ஒரு குமிழி இல்லை.

"தண்ணி ஓடாம நின்னா இந்தக் கோடு வரைக்கும் போகும். ஓடுற தண்ணின்னா இதுல பாதி. அதுக்கு மேல போகாது."

"அழகு கெட்டுப்போச்சேண்ணே."

"கெடட்டும்."

"கொஞ்சம் கூட இருந்தா?"

"போகாது, பாய்."

அந்தச் சொல் இத்தனை சுலபமாக வரும் என்று அவர் நினைக்கவில்லை.

மார்கழி பிறப்பதற்கு முன்னால் இன்னொரு மழை வந்தது. வெள்ளிக்கிழமை காலை, பட்டறையில் தகரத்தின் மேல் மழை அடிக்கிற சத்தத்துக்கு நடுவில் போன் அடித்தது. ஜாஃபர் பாய்.

"அண்ணே, தரைப்பாலத்துல நிக்கிறேன். ஓடுற தண்ணி. பாதிக்கு மேல இருக்கு."

ஜெக்கரியாவின் கையிலிருந்த ஸ்பேனர் கீழே விழுந்தது. "பாய்..."

"பதறாதீங்க. போகாதுன்னு சொன்னீங்கல்ல, வண்டியை இந்தக் கரையிலயே நிறுத்திட்டேன். டிராக்டர் டிப்பர்ல நாற்காலி போட்டு டீச்சரை அழைச்சுட்டு வர்றாங்க. குடை பிடிச்சுக்கிட்டு ராணி மாதிரி உட்காந்திருக்காங்க. இங்கேருந்து நான் ஏத்திக்கிறேன். ஆஸ்பத்திரியில சிஸ்டர்கிட்ட சொல்லிடுங்க."

ஜெக்கரியா ஸ்டூலில் உட்கார்ந்தார். ஸ்பேனரைக் குனிந்து எடுத்து வைத்துவிட்டு அருள்மேரிக்குப் போன் போட்டார்.

"டீச்சர் வர்றாங்க" என்றார். "வண்டி தண்ணியில இறங்கலை. அதனால வந்துடுவாங்க."